ஈ.ஆர்.பி.க்கு மாறும்போது மூத்த ஊழியர்களின் அறிவை எப்படித் தக்கவைப்பது?

கேள்வி இது: ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனம், பல ஆண்டுகளாக டேலியிலும் எக்ஸெல் கோப்புகளிலும் நடத்திவந்த கணக்கு, கொள்முதல், சரக்கிருப்பு, சம்பளம் ஆகிய எல்லா வேலைகளையும் ஒரே ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கு (எல்லாத் துறைகளின் வேலைகளையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) மாற்றப்போகிறது. அந்த வேலைகளை நன்கு அறிந்த மூத்த ஊழியர்கள் சிலர் ஓராண்டுக்குள் ஓய்வு பெறுகிறார்கள். அவர்கள் அறிந்ததைக் காப்பாற்ற அறிவு மேலாண்மைக்கென்று தனியாக ஒரு மென்பொருள் வாங்க வேண்டுமா? ஆவணப்படுத்தும் வேலையை எப்போது தொடங்க வேண்டும்?

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: இப்போது வாங்க வேண்டாம். எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு பொதுக் கோப்புறையும், அதை ஒழுங்காக வைத்திருக்கப் பொறுப்பேற்கும் ஒருவரும் இருந்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும். ஒரு பெரிய மென்பொருளைக் கற்கத் திணறும் ஊழியர்களிடம் அதே சமயத்தில் இன்னொன்றையும் கொடுத்தால், அது நிரப்பப்படாமலேயே கிடக்கும். இரண்டாம் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஆவணப்படுத்துதல்’ என்பதை ஊழியர் செய்வதை எழுதிவாங்கும் ஒரு தனி வேலையாக எடுத்துக்கொண்டால், எப்போது தொடங்கினாலும் பயன் குறைவு என்பதே என் கருத்து. இதற்கு உலகம் அறிந்த ஒரு சான்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கனடாவின் மத்திய அரசு, நாற்பது ஆண்டுகள் பழமையான தன் சம்பள மென்பொருளை மாற்றும் திட்டத்தை 2009-இல் தொடங்கியது. பீப்பிள்சாஃப்ட் என்ற பணியாளர் நிர்வாக மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் துணையுடன் உருவான புதிய அமைப்புக்குப் பீனிக்ஸ் என்று பெயர். அது 101 துறைகளிலும் முகமைகளிலும் பணியாற்றிய ஏறத்தாழ 2,90,000 பேருக்குச் சம்பளம் போட வேண்டும்; தொழிற்சங்கங்களுடன் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டு ஒப்பந்தங்களிலிருந்து எழுந்த 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகளைக் கையாள வேண்டும். மென்பொருள் மாற்றத்துடன் இன்னொரு மாற்றமும் சேர்க்கப்பட்டது. 46 துறைகளில் பரவியிருந்த சுமார் 1,200 சம்பள ஆலோசகர்களின் பணியிடங்கள் நீக்கப்பட்டு, நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மிராமிச்சி என்ற சிறு நகரில் ஒரு மையச் சம்பள அலுவலகம் அமைக்கப்பட்டது. அங்கே ஏறத்தாழ 460 ஆலோசகர்களும் துணைப் பணியாளர்கள் சிலருமே இருந்தார்கள். பழைய ஆலோசகர்களில் பெரும்பாலோர் அந்த ஊருக்குக் குடிபெயர விரும்பவில்லை. வேறு வேலைக்கு மாறினார்கள் அல்லது ஓய்வு பெற்றார்கள். மையத்தின் இருக்கைகளை நிரப்பியவர்களில் பலர் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள். இவ்வளவும் புதிய மென்பொருள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. ஆண்டுக்கு 7 கோடி கனடிய டாலர் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு.

2016 பிப்ரவரியில் 34 துறைகளும் ஏப்ரலில் மீதித் துறைகளும் பீனிக்ஸுக்கு மாறின. சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு மிகுந்தது, சிலருக்கு வரவே இல்லை. 2017 ஜூன் மாத நிலவரப்படி சுமார் 1,50,000 ஊழியர்களின் சம்பளச் சிக்கல்கள் தீர்க்கப்படாமல் இருந்ததையும், பிழைகளின் மதிப்பு 52 கோடி டாலருக்கு மேல் இருந்ததையும் அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு வெளியான இரண்டாவது அறிக்கையில் இந்தத் திட்டத்தை ‘விளங்கிக்கொள்ளவே முடியாத தோல்வி’ என்று குறிப்பிட்டார்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த 80,000 விதிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே எழுத்தில் இருந்தன. கூட்டு ஒப்பந்தங்கள் அச்சிடப்பட்ட பொது ஆவணங்கள். ஆவணப் பஞ்சம் அங்கே இருக்கவில்லை. இல்லாமல் போனது வேறொன்று. பழைய முறையில், ஒருவர் தற்காலிகமாக மேற்பதவிப் பொறுப்பு வகித்ததற்கான உத்தரவு சில வாரங்கள் கழித்துத் தாமதமாக வந்து சேரும். அந்தத் துறையிலேயே அமர்ந்திருந்த சம்பள ஆலோசகர் நிலுவையைக் கையால் கணக்கிட்டுச் சேர்த்துவிடுவார். எந்த மேலாளரின் தாள்கள் எப்போதும் தாமதமாக வரும், எந்தப் பிரிவில் ஷிப்ட் மாற்றம் வாய்மொழியாக நடக்கும், யாரைத் தொலைபேசியில் கேட்டால் சரியான தேதி கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அமைப்பின் ஒழுங்கின்மை முழுவதையும் அவர் தன் மேசையிலேயே உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஆகையால் மேலே இருந்தவர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. புதிய மென்பொருளோ பணியாளர் விவரங்கள் உரிய நாளில் உள்ளே வரும் என்ற அனுமானத்தின்மீது கட்டப்பட்டது. விதி எழுதப்பட்டிருந்தது, விதிக்குத் தேவையான தாள் நேரத்துக்கு வராதபோது என்ன செய்வது என்பது எங்கும் எழுதப்படவில்லை, அதை அறிந்தவர்களும் போய்விட்டார்கள்.

இதோடு இன்னொன்றும் நடந்தது. அமைப்பை உருவாக்க ஏறத்தாழ 27.4 கோடி டாலர் ஆகும் என்று 2012-இல் ஐ.பி.எம். சொன்னது, ஒதுக்கப்பட்டிருந்ததோ 15.5 கோடி. பட்ஜெட்டுக்குள் அடக்க, திட்டத்தின் பொறுப்பாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகளை நீக்கினார்கள் அல்லது தள்ளிவைத்தார்கள். அப்படிக் கைவிடப்பட்டவற்றில் முன்தேதியிட்ட நிலுவைச் சம்பளத்தைக் கணக்கிடும் வசதியும் ஒன்று. சம்பள மேசையில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்த எவரும் அதைத் தொட விட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு துறையில் மட்டும் முன்னோட்டமாக ஓட்டிப் பார்க்கும் திட்டமும் கைவிடப்பட்டது. அது நடந்திருந்தால், வேலை தெரிந்தவர்கள் இல்லாத குறை அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

பிறகு அவர்கள் செய்த திருத்தம்தான் நமக்குப் பாடம். பழைய ஆலோசகர்களைத் திரும்ப அழைத்து, காட்டினோ, வின்னிப்பெக் போன்ற நகரங்களில் துணை அலுவலகங்கள் திறந்தார்கள். 2017 இறுதியிலிருந்து, குறிப்பிட்ட சில துறைகளை மட்டும் கவனிக்கும் சிறு குழுக்களாக மையப் பணியாளர்களைப் பிரித்தார்கள். துறைக்கு ஒரு தெரிந்த முகம் என்ற பழைய ஏற்பாட்டைத்தான், கலைத்த பிறகு பெரும் செலவில் மறுபடி உருவாக்கினார்கள்.

உங்கள் நிறுவனம் சிறியது. ஆனால் உங்கள் கொள்முதல் மேசையிலும் கிடங்கிலும் அந்தச் சம்பள ஆலோசகரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘உங்கள் வேலையை எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால், நேராக நடக்கும் வழியை மட்டும் எழுதுவார்கள்: கோரிக்கை வரும், ஆர்டர் போடுவோம், சரக்கு வரும், பில்லைச் சரிபார்ப்போம். அது அவர்கள் மறைப்பதால் அல்ல. விதிவிலக்குகள் அவர்களுக்கு விதிவிலக்காகவே தோன்றுவதில்லை. அன்றாட வேலையாகத் தோன்றுகின்றன. ஆகவே அவர்களைக் கேட்பதற்கு முன் உங்கள் பழைய தரவைக் கேளுங்கள். கடந்த இரண்டு நிதியாண்டுகளில் திருத்தப்பட்ட வவுச்சர்கள், ரத்தான பில்கள், டெபிட் நோட், கிரெடிட் நோட், இருப்பைச் சரிசெய்த ஜர்னல் பதிவுகள், வழக்கமான விலையிலிருந்து விலகிய ஆர்டர்கள் ஆகியவற்றை ஒரு பட்டியலாக எடுத்து, அந்த மூத்த ஊழியருடன் அமர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ‘இது ஏன் நடந்தது, இதை எப்படிச் சரிசெய்தீர்கள்’ என்று மட்டும் கேளுங்கள். பொதுப்படையாகக் கேட்கும் ஒரு நேர்காணலில் கிடைக்காத செய்திகள் இதில் வரும். ‘இந்தச் சப்ளையர் எடை போடும்போது ஈரப்பதத்தைக் கழிக்க மாட்டார், அதனால் நாம் தனியாக டெபிட் நோட் போடுவோம்’ என்பது போன்ற ஒரு வரி, ஈ.ஆர்.பி.யில் ஒரு விலை நிபந்தனையாகவோ தரச் சோதனையின் ஒரு படியாகவோ மாற வேண்டிய செய்தி. அது தெரியாமல் கோ-லைவ் செய்தால், அதாவது புதிய மென்பொருளில் அன்றாட வேலையைத் தொடங்கினால், முதல் மாதமே பில் பொருந்தாமல் நின்றுவிடும்.

எக்ஸெல் கோப்புகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஈ.ஆர்.பி. திட்டங்களில் அவற்றை ஒழிக்க வேண்டிய களையாகக் கருதும் வழக்கம் இருக்கிறது. நான் அதை ஏற்பதில்லை. ஒருவர் தன் கணினியில் தனியாக ஒரு ஷீட் வைத்திருக்கிறார் என்றால், அவருக்கு இருக்கும் ஏதோ ஒரு கேள்விக்கு அலுவல் முறையில் விடை கிடைக்கவில்லை என்று பொருள். அந்த ஷீட்டின் ஒவ்வொரு நெடுவரிசையையும் பார்த்து, புதிய மென்பொருளில் அது எங்கே போகிறது, போகவில்லை என்றால் யார் அந்த முடிவை எடுத்தார் என்று எழுதுங்கள்.

இப்படி அலுவல் முறைக்கு வெளியே வாழும் அறிவு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் அனுபவத்தையும் சொல்வார்கள். 1999 ஜூலையில் அந்நிறுவனம் எஸ்.ஏ.பி. என்ற ஈ.ஆர்.பி. மென்பொருள் உட்பட மூன்று பெரிய மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓட்டத் தொடங்கியது. பண்டிகைக் காலத் தேவைக்குச் சரக்கு இருந்தும், சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. நெருக்கடிக் காலத்தில் கூடுதல் சரக்கைக் கிடைத்த இடத்தில் வைத்துச் சமாளித்த பழைய வழக்கம் புதிய மென்பொருளில் சேமிப்பிடங்களாகப் பதிவாகவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. கிடங்கு ஊழியருக்குச் சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது.

இருக்கிற அறிவு எல்லாவற்றையும் அப்படியே புதிய மென்பொருளுக்குள் கொண்டுசெல்ல வேண்டுமா என்றால், கூடாது. இங்கே ஜெர்மனியின் லிடில் சில்லறை விற்பனை நிறுவனத்தை நினைவுபடுத்த வேண்டும். 2011-இல் எஸ்.ஏ.பி.க்கு மாறத் தொடங்கிய அந்நிறுவனம், ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பிறகு 2018-இல் திட்டத்தையே கைவிட்டது. அவர்கள் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டுவந்தார்கள்; அந்த மென்பொருளின் வழக்கமான அமைப்போ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. தங்கள் வழக்கத்தை மாற்ற நிறுவனம் விரும்பவில்லை. மென்பொருளை மாற்ற மாற்ற, தங்களுக்கென்று செய்யும் திருத்தங்கள் (கஸ்டமைசேஷன்) பெருகிக்கொண்டே போயின. கொள்முதல் விலையில் மதிப்பிடுவது தவறான வழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வழக்கத்தைக் காக்க எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பது மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் மேசையிலேயே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி.

ஆகவே திரட்டிய ஒவ்வொரு வழக்கத்தையும் பார்த்து, இது சட்டமோ வாடிக்கையாளரின் ஒப்பந்தமோ கேட்பதா, நமக்கு லாபம் தருவதா, பழைய மென்பொருளின் குறையைச் சமாளிக்கப் பிறந்ததா, அல்லது முன்பு இருந்த யாரோ ஒரு மேலாளரின் விருப்பமா என்று பிரியுங்கள். முதல் இரண்டு வகைகளையும் புதிய அமைப்பில் எப்பாடுபட்டாவது சேர்க்க வேண்டும். மூன்றாவது வகையை நன்றியுடன் விட்டுவிடலாம். நான்காவதில்தான் சண்டை வரும். அதை மென்பொருளை நிறுவித்தரும் ஆலோசகரிடம் விடாதீர்கள், உரிமையாளரோ நிதித்துறைத் தலைவரோ தீர்த்துவைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது ஏற்கெனவே இருக்கும் அறிவைப் பற்றியது. திட்டம் நடக்கும்போது புதிதாக ஓர் அறிவு பிறக்கிறது. அதைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் முழுதாக இழக்கின்றன. மென்பொருள் ஆலோசகர்களும் உங்கள் கீ யூசர்களும் (திட்டத்தில் ஒவ்வொரு துறையின் சார்பாகவும் பங்கேற்கும் ஊழியர்கள்) அமர்ந்து நூற்றுக்கணக்கான முடிவுகளை எடுப்பார்கள்: பில்லுக்கும் ஆர்டருக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் வரை அனுமதிக்கலாம், எந்தக் கிடங்கில் இருப்பு மைனஸில் போகலாம், எந்தத் தொகைக்கு மேல் யார் ஒப்புதல் தர வேண்டும் என்பவை போன்றவை. முடிவு மென்பொருளுக்குள் போய்விடும்; காரணம் கூட்ட அறையிலேயே நின்றுவிடும். ஆலோசகர் போன பிறகு, அந்த அமைப்பைத் தொடுவதற்கு எவருக்கும் துணிவிருக்காது. இதற்கு மருந்து எளிமையானது: முடிவுப் பதிவேடு ஒன்று வையுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் அரைப் பக்கம் போதும். எதைத் தேர்ந்தெடுத்தோம், வேறு என்ன வழிகள் இருந்தன, அவற்றை ஏன் விட்டோம், யார் சம்மதித்தார், என்ன மாறினால் இதை மறுபடி எடுத்துப் பேச வேண்டும் என்று எழுத வேண்டும். திரைப் படங்களை ஒட்டிய நூறு பக்கப் பயிற்சிக் கையேடு அடுத்த அப்டேட்டிலேயே பழசாகிவிடும். இந்தப் பதிவேடு பல ஆண்டுகள் பயன்படும். கூட்டம் முடிந்த அன்றே எழுத வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். ‘பிறகு எழுதலாம்’ என்று தள்ளிவைத்த பதிவேடு எழுதப்பட்டதை நான் பார்த்ததில்லை.

கீ யூசராக யாரைப் போடுவது என்பதில் துறைத்தலைவர்கள் எப்போதும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: இல்லாவிட்டாலும் வேலை ஓடும் என்று நினைக்கும் ஆளை அனுப்புகிறார்கள். அனுப்ப வேண்டியது, இல்லாவிட்டால் துறையே திணறும் ஆளை. அவருடைய அன்றாட வேலையில் பாதியையாவது வேறொருவருக்குக் கொடுத்தால்தான் இது நடக்கும்; அந்த மாற்று ஆளின் சம்பளம் திட்டச் செலவில் எழுதப்பட வேண்டும், இல்லையேல் அது முதலில் வெட்டப்படும். ஓய்வு பெறப்போகும் மூத்தவரின் அருகில், அவர் இடத்துக்கு வரப்போகிறவர் இந்த எல்லாக் கூட்டங்களிலும் உட்கார வேண்டும். கற்பிப்பதற்கென்று தனி வகுப்பு எதுவும் தேவைப்படாது. மூத்தவர் ஆலோசகருடன் வாதாடுவதைக் கேட்பதே இளையவருக்குப் பாடம்.

இங்கே மறைக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. தன் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவர் தனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்ல மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. கனடாவில் சம்பள ஆலோசகர்களின் பணியிடங்கள் முதலில் நீக்கப்பட்டு, அவர்களுடைய வேலையைச் செய்யும் மென்பொருள் பிறகே ஓடத் தொடங்கியது என்பதை மறுபடி நினைத்துப் பாருங்கள். யாருடைய வேலை குறையும், யாருக்கு எந்தப் புதிய பொறுப்பு என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஓய்வுக்குப் பின் ஓர் ஒப்பந்தப் பணியைக் கௌரவமான ஊதியத்துடன் எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

பொருள், வாடிக்கையாளர், சப்ளையர் போன்ற அடிப்படை விவரங்களின் பட்டியலை (மாஸ்டர் டேட்டா) சுத்தம் செய்வது கணினித்துறையின் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரே போல்ட் மூன்று குறியீடுகளில் இருப்பதைக் கணினி கண்டுபிடிக்கும். அந்த மூன்றில் ஒன்று மட்டும் ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளருக்காகத் தனி முலாம் பூசப்பட்டது என்பதைக் உற்பத்தித் தளத்தில் இருப்பவரே அறிவார். பழைய குறியீட்டின் கடைசி எழுத்தில் ஏதோ ஒரு பொருள் ஒளிந்திருக்கும். வெறும் வரிசை எண்ணுக்கு மாறும்போது அது அழிந்துபோகும். ஆகவே குறியீட்டில் இருந்த பொருளைத் தனிப் புலமாக எடுத்து வைத்துக்கொண்ட பிறகே எண்ணை மாற்றுங்கள்.

சோதனைக் கட்டத்தில் ஆலோசகர்கள் தரும் டெஸ்ட் ஸ்கிரிப்ட் நேர்வழியை மட்டுமே ஓட்டும். யூசர் சோதனைக்கான மாதிரி நிகழ்வுகளை முன்பு சொன்ன திருத்தப் பட்டியலிலிருந்து உங்கள் ஆட்களே எழுத வேண்டும். சம்பளத்தைப் பொறுத்தவரை குறைந்தது இரண்டு மாதங்கள் பழையதையும் புதியதையும் இணையாக ஓட்டி, ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கும் காரணம் கண்டபிறகே பழையதை நிறுத்துங்கள்.

ஆலோசகர்களிடமிருந்து உங்கள் ஆட்களுக்குப் போக வேண்டிய அறிவைப் பற்றி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ‘அறிவு மாற்றம்’ என்ற பெயரில் கடைசி இரண்டு வாரங்களை ஒதுக்குவது வழக்கம். அந்த வாரங்களில் எல்லோரும் பழையதிலிருந்து புதியதற்கு மாறும் (கட்-ஓவர்) நெருக்கடியில் இருப்பார்கள். வருகைத்தாளில் கையெழுத்து விழும், எதுவும் மனத்தில் பதியாது. அதற்குப் பதிலாக, திட்டத்தின் இரண்டாம் பாதியில் அமைப்பு மாற்றங்களை உங்கள் ஊழியரே செய்ய வேண்டும், ஆலோசகர் அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். ஒரு புதிய கிடங்கையும், ஒரு புதிய வரி விகிதத்தையும், ஓர் ஒப்புதல் படியையும் உங்கள் ஆள் உதவியின்றிச் சேர்த்துக் காட்டினால்தான் இறுதித் தவணை என்று வைத்தால், ஆலோசனை நிறுவனமே கற்பிப்பதில் அக்கறை காட்டும்.

எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு இனி நேராகப் பதில் சொல்லலாம். திருத்தப் பட்டியல் எடுக்கும் வேலையை மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே தொடங்குங்கள். டெமோ காட்ட வருகிறவர்களிடம் உங்கள் மிகச் சிக்கலான பத்து நிகழ்வுகளைக் கொடுத்து, அவற்றைத் திரையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். முடிவுப் பதிவேடு முதல் கூட்டத்தன்றே தொடங்க வேண்டும். கோ-லைவுக்குப் பிறகு வரும் உதவிக் கோரிக்கைகளை வாரம் ஒருமுறை மூத்த ஊழியரும் அவர் இடத்துக்கு வந்தவரும் சேர்ந்து படித்து, ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால் அதற்கான விடையைப் பொதுக் கோப்புறையில் எழுத வேண்டும், அல்லது அமைப்பையே திருத்த வேண்டும். மூத்தவர்களை விடுவிக்கும் நாளைக் கோ-லைவ் தேதியோடு இணைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வரும் வேலைகள் உண்டு: ஆண்டிறுதிச் சரக்கு எண்ணிக்கை, தணிக்கை, போனஸ் கணக்கு, வரிக் கணக்குத் தாக்கல். இவை ஒவ்வொன்றும் புதிய மென்பொருளில் ஒருமுறை முடியும் வரை, அவற்றை முன்பு செய்தவர் வாரம் இரண்டு நாளாவது அலுவலகத்துக்கு வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் கோ-லைவ் ஏப்ரல் 1 என்றால், அந்த ஒப்பந்தம் அடுத்த ஆண்டின் தணிக்கை அறிக்கை கையெழுத்தாகும் வரை நீள வேண்டும்.